வகிட்டுப் பொடியும் விடியற்காலைக் குத்துச்சண்டையும்

சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு நாள் காலை, தண்டையார்பேட்டையில் நான் போகும் பயிற்சிக் கூடத்தில் மூன்றாவது சுற்று ஸ்கிப்பிங்கை முடித்துவிட்டுக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். கையில் சுற்றியிருந்த வெள்ளைத் துணிப்பட்டையின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. வியர்வைதானே என்று துடைக்கப் போனால், அது கறுப்பாக இருந்தது. பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி, "அக்கா, நெத்தியில மை மாதிரி வழியுதுக்கா" என்று என் காதோடு சொன்னாள். மற்றவர்களுக்குக் கேட்காமல் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியதை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். கண்ணாடியில் பார்த்தபோது, வகிட்டிலிருந்து புறப்பட்ட இரண்டு கறுப்புக் கோடுகளில் ஒன்று புருவம் வரையிலும் மற்றொன்று காதோரமாகக் கழுத்து வரையிலும் இறங்கியிருந்தன. கண் எரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, உடம்பு சரியில்லை என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

கோடு வழிந்ததைவிட, அந்த மூன்று வாரத்தை வீணாக்கியதுதான் இப்போது எனக்குப் பெரிய வருத்தம். முப்பத்தாறு வயதில், நாள் முழுவதும் பாரிமுனையில் உட்கார்ந்து கணக்கு எழுதும் எனக்கு, முதுகுவலியைக் குறைத்ததும் இரவில் நல்ல தூக்கத்தைக் கொடுத்ததும் அந்தப் பயிற்சிதான். முடி மெலிந்திருப்பது வெளியே தெரிந்துவிடும் என்ற ஒரே காரணத்துக்காக அதை விடவிருந்தேன். முடி அடர்த்தியாகத் தெரியப் பூசும் பொருள்களைப் பற்றி அப்போது நான் தேடிப் படித்தவையெல்லாம் கல்யாண வீட்டுக்கும் போட்டோவுக்கும் உரிய யோசனைகளாகவே இருந்தன. ஏசி அறையில் ஆறு மணி நேரம் நிற்கும் பூச்சு, வடசென்னையில் ஒரு தகரக் கூரையின் கீழ் அறுபது நிமிடம் நிற்குமா என்பதற்கு அவற்றில் விடை இல்லை. ஆகவே நானே செய்து பார்த்ததையும், அது ஏன் அப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் என் முடியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் விட்டு இரண்டரை மாதம் கழித்து, சீப்பிலும் தலையணையிலும் குளியலறைச் சல்லடையிலும் முடி கொத்துக் கொத்தாக வந்தது. கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை போன்றவை உடம்பை உலுக்கும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும் என்றும், அவை இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிரும் என்றும், பெரும்பாலும் தாமாகவே மீண்டும் முளைக்கும் என்றும் தோல் மருத்துவர் விளக்கினார். எனக்கும் முளைத்தது, ஆனால் முழுவதும் வரவில்லை. காய்ச்சலுக்கு முன்பே மெல்லத் தொடங்கியிருந்த பரம்பரை முடி மெலிவை அந்தக் காய்ச்சல் வெளிக்காட்டிவிட்டது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஆண்களைப் போல முன்நெற்றி மேலேறாமல், நெற்றிக்கோடு அப்படியே இருக்க, நடு வகிடு மட்டும் அகன்றுகொண்டே போவதுதான் பெண்களிடம் அதிகம் காணப்படும் வகை. 1977ஆம் ஆண்டில் லுட்விக் என்ற மருத்துவர் இதை மூன்று நிலைகளாகப் பிரித்தார். நான் முதல் நிலையில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு என்பதால், உதிர்வதை எண்ணிக்கொண்டிருப்பதைவிட வகிட்டின் அகலத்தை மாதம் ஒரு முறை போட்டோ எடுத்துப் பார்ப்பது நல்லது என்பது என் தோல் மருத்துவர் சொன்ன யோசனை.

அன்று என் நெற்றியில் வழிந்தது ஹேர் ஃபைபர் எனப்படும் நார்த்தூள். உப்பு டப்பாவைப் போல மேலே துளைகள் கொண்ட சிறு டப்பியில் வரும். பெரும்பாலும் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கெரட்டின் என்ற புரதத்தாலும், சில வகைகள் பருத்தி போன்ற தாவர நாராலும் செய்யப்படுகின்றன. நம் முடியும் கெரட்டின்தான். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள இந்தத் துணுக்குகள், தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துண்டை இழுக்கிறதே அதே நிலைமின்சாரத்தால், இருக்கும் முடியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு முடியையும் தடிமனாகக் காட்டுகின்றன. உலர்ந்த தலையில் அது உண்மையிலேயே அருமையாக வேலை செய்கிறது. அலுவலகத்துக்கு நான் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

ஆனால் அதைப் பிடித்து வைத்திருப்பது நிலைமின்சாரம் என்னும்போதே அதன் பலவீனமும் தெரிந்துவிடுகிறது. ஈரம் பட்டால் மின்னேற்றம் கசிந்து போய்விடும். காற்றில் உள்ள ஈரமே அதைத் தளர்த்தும் என்றால் வியர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழைத்துளி மேலிருந்து விழுகிறது, அதைக் குடையால் தடுக்கலாம். வியர்வையோ தலைத்தோலிலிருந்தே ஊறி, நார்த்தூளுக்கு அடியிலிருந்து மேலே கிளம்புகிறது. நெற்றியும் தலைத்தோலும் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக அமைந்த இடங்கள். அடியில் தண்ணீர் கட்டியதும் துணுக்குகள் முடியை விட்டுவிட்டு ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன, பிறகு துளியோடு சேர்ந்து சரிகின்றன.

நம் ஊரின் காற்று இதை இன்னும் மோசமாக்குகிறது. வறண்ட ஊரில் வியர்வை சுரந்த சிறிது நேரத்திலேயே ஆவியாகிவிடும். இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வெயில் குறைவு என்று நாம் தேர்ந்தெடுக்கும் விடியற்காலையில்தான் காற்றின் ஈரப்பதம் நாளிலேயே மிக அதிகமாக இருக்கும், 80 விழுக்காட்டுக்கு அருகில் இருப்பது சாதாரணம். ஆவியாக இடமில்லாத வியர்வை துளியாகவே நின்று ஓடுகிறது. கடற்காற்று புகாத கூடமாக இருந்து, கத்திரி வெயில் காலமாகவும் இருந்தால், பத்து நிமிடத்தில் தலை குளித்ததுபோல் ஆகிவிடும். வேறு ஊர்க்காரர் ஒருவர் "எனக்கு இரண்டு மணி நேரம் நின்றது" என்று சொன்னால், அது அவருடைய ஊரில் உண்மையாக இருக்கலாம், அதை நம்பி இங்கே செலவு செய்ய வேண்டாம்.

மூன்று வாரத்துக்குப் பிறகு, எங்கள் வண்ணாரப்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் நானே சோதித்துப் பார்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், ஒவ்வொன்றிலும் ஒரு முறை, பதினைந்து நிமிட ஸ்கிப்பிங், துடைத்துப் பார்க்க ஒரு வெள்ளைக் கைக்குட்டை. முதல் வாரம் நார்த்தூள் மட்டும் போட்டுக்கொண்டேன். ஆறாவது நிமிடத்தில் கைக்குட்டை சாம்பல் நிறமானது, பத்தாவது நிமிடத்தில் வகிட்டோரம் ஈர டீத்தூள்போலத் திட்டுத் திட்டாகச் சேர்ந்துவிட்டது. இரண்டாவது வாரம், நார்த்தூளின் மேல் அதை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரேயை முக்கால் அடி தள்ளிப் பிடித்து அடித்தேன். இது பத்து நிமிடம் வரை நன்றாகவே தாக்குப் பிடித்தது. அதற்கு மேல் படலமே பொருக்குப் பொருக்காகத் தூக்கிக்கொண்டது, பொடுகு அதிகம் உள்ளவர் தலைபோலத் தெரிந்தது. நடைப்பயிற்சிக்கோ, ஆசனப் பயிற்சிக்கோ, லேசான எடை தூக்குவதற்கோ இந்த இணை போதும் என்பது என் முடிவு, குத்துச்சண்டைக்கும் ஓட்டத்துக்கும் கால்பந்துக்கும் போதாது.

மூன்றாவது வாரம் எடுத்தது கெட்டிப் பொடி. முகப் பவுடர் டப்பாவில் இருப்பதுபோல அழுத்தி வைத்த வட்டக் கட்டி, அதைத் தொட்டுப் பூச ஒரு சிறு ஸ்பாஞ்ச் முனை. இதன் வேலை முறையே வேறு. இது முடியைத் தடிமனாக்குவதில்லை, முடிக்கு நடுவே பளிச்சென்று தெரியும் தலைத்தோலுக்கு நிழல் கொடுக்கிறது. நம் போன்றோருக்கு முடி கறுப்பு, வகிட்டுத் தோலோ வெளிர் நிறம். முடி குறைந்திருப்பதைக் காட்டிக்கொடுப்பது அந்த நிற வேறுபாடுதான். அதைத் தணித்துவிட்டால் கண் ஏமாந்துவிடுகிறது. பொடியில் நிறத்துக்கு இரும்பு ஆக்சைடும், பிடிப்புக்கு மெழுகு அல்லது எண்ணெய்ப் பசையும் சேர்ந்திருப்பதால், அது தோலோடு படிந்து நிற்கிறது, தண்ணீர் அதன் மேல் வழிந்து போகிறது. பதினைந்தாவது நிமிடத்தில் கைக்குட்டையை வகிட்டின் மேல் வைத்து அழுத்தி எடுத்தேன். மங்கலாக ஒரு கறை மட்டும் இருந்தது. அதே கைக்குட்டையால் ஒரு முறை தேய்த்தேன். பாதிப் பொடி துணியோடு வந்துவிட்டது. மூன்று ஞாயிறும் சேர்ந்து எனக்குக் கற்றுக்கொடுத்ததில் மிகப் பயனுள்ளது இதுதான். இந்தப் பொடியைத் தண்ணீர் அழிப்பதில்லை, உராய்வுதான் அழிக்கிறது. ஆகவே தலையைத் துடைக்கக் கூடாது, துண்டை வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். வருடக்கணக்காகத் துண்டால் தலையைப் பரபரவென்று தேய்த்த கைக்கு இந்தப் பழக்கம் வர எனக்கு ஒரு மாதம் ஆனது.

பூசும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சரியான பொருளை வாங்கியும் கெடுத்துக்கொள்வது இங்கேதான். முடி முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். அடித்தண்டில் சிறிது ஈரம் இருந்தாலும் பொடி சேறாகிவிடும், ஆகையால் பயிற்சி நாளுக்கு முந்தைய இரவே தலைக்குக் குளித்துவிடுகிறேன். வழக்கமான இடத்தில் வகிடெடுத்து, ஸ்பாஞ்ச் முனையைக் கட்டியின் மேல் இரண்டு முறை தொட்டு, வகிட்டின் நடுவில் தொடங்காமல் ஓரத்தில் முடி முளைக்கும் இடத்தில் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். நடுக்கோட்டைக் கொஞ்சம் வெளிறவே விட்டுவிடுவது முக்கியம். வகிடு என்றால் ஒரு கோடு தெரியத்தான் வேண்டும், அதையும் அடைத்துவிட்டால் தலையில் தொப்பி ஒட்டியதுபோல ஆகிவிடும். நான் செய்த முதல் தவறும் அதுதான், இரண்டாவது தவறு கருங்கறுப்பு நிறத்தை வாங்கியது. நம் முடியில் பெரும்பாலானது வெயிலில் பார்த்தால் கரும்பழுப்பு. கடையின் குழல்விளக்கில் நிறம் பார்க்காமல், காலை வெளிச்சத்தில் முடியின் அடித்தண்டோடு ஒப்பிட்டு, சந்தேகம் வந்தால் ஒரு படி வெளிறிய நிறத்தை எடுப்பது பாதுகாப்பு. பூசியபின் பத்து நிமிடம் தலையைத் தொடாமல் விட்டு, பிறகு அகலப் பல் சீப்பால் மேலாக ஒரு முறை வாரிக்கொண்டால் போதும். எந்தப் புதிய பொருளானாலும் முதலில் முழங்கையின் உட்பக்கம் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்துக்கொள்வது நல்லது.

அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வியர்க்கப் போகிறோம், ஆகவே கூடுதலாகப் பூசிக்கொள்வோம் என்று மனம் சொல்லும், செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். தோலைப் பிடித்திருப்பது முதல் படலம் மட்டுமே. அதன் மேல் ஏற்றும் ஒவ்வொரு படலமும் முந்தைய பொடியின் மேல் நிற்கிறது, வழிந்து ஓடுவதும் அதுவே.

ஆண்களுக்கு இதில் ஒரு வேறுபாடு உண்டு. வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் என் சித்தப்பா மகனுக்கு உச்சியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடியே இல்லை. முடியே இல்லாத இடத்தில் நார்த்தூளுக்கும் பற்றிக்கொள்ள எதுவுமில்லை, கெட்டிப் பொடியும் அங்கே வழுக்கையை மறைக்காமல் ஒரு கறுப்பு வட்டத்தைத்தான் காட்டும். இந்தப் பூச்சுகள் எல்லாம் மெலிந்த முடிக்குத்தான். அவனிடம் முடியை மிகக் குட்டையாக வெட்டிக்கொள்ளச் சொன்னேன், சுற்றியுள்ள முடி குட்டையானதும் நடுப்பகுதி எடுப்பாகத் தெரியவில்லை.

தலைக்கவசம் அணியும் விளையாட்டுகளுக்கு உராய்வுதான் பெரிய சிக்கல். குத்துச்சண்டையில் ஆண்கள் 2016 ரியோ ஒலிம்பிக்கிலிருந்தே தலைக்கவசம் இல்லாமல் ஆடுகிறார்கள், பெண்களோ 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அணிந்துதான் ஆடினார்கள். எங்கள் கூடத்திலும் எதிராளியோடு பயிற்சி என்றால் கவசம் கட்டாயம். அதன் உட்புற ரெக்சின் வகிட்டின் மேல் முன்னும் பின்னும் அசையும். கவசத்துக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணியை முக்கோணமாக மடித்துக் கட்டிக்கொண்டால் உராய்வு துணிக்கும் ரெக்சினுக்கும் இடையில் நின்றுவிடுகிறது. பலரும் மாற்றி மாற்றி அணியும் கவசத்தில் அந்தத் துணி சுகாதாரத்துக்கும் நல்லது. அதேபோல, மல்லாந்து படுத்து எடை தூக்கும் பெஞ்சின் மேல் ஒரு துண்டை விரித்துக்கொள்வேன், எனக்குப் பிறகு படுப்பவர் என் கறையின் மேல் தலை வைக்கக் கூடாது.

நெற்றிப்பட்டையும் பெரிய உதவி, ஆனால் கட்டும் இடம் முக்கியம். முடி தொடங்கும் கோட்டின் மேலேயே கட்டினால் அங்குள்ள பொடியை அதுவே தேய்த்து எடுத்துவிடும். இரண்டு விரல் கீழே, நெற்றியில் கட்டினால், மேலிருந்து இறங்குவது கண்ணுக்குள் போகாமல் நிற்கும். கறுப்பு நிறத்தில் இரண்டு வைத்திருக்கிறேன், அரை மணிக்கு ஒன்று. முடியை எப்படிக் கட்டுகிறோம் என்பதையும் கவனியுங்கள். பயிற்சியில் அவிழக் கூடாது என்று இழுத்து இறுக்கிப் போடும் பின்னல், நாளடைவில் நெற்றியோரத்திலும் நெற்றிப்பொட்டிலும் முடியை வேரோடு பலவீனப்படுத்தும். நான் தாழ்வாகத் தளர்ந்த பின்னல் போட்டு, நுனியை மடித்துத் துணி ரப்பரால் கட்டுகிறேன்.

எண்ணெய் விஷயத்தில்தான் வீட்டில் எனக்குச் சண்டை வந்தது. எண்ணெய் வைக்காத தலையை அம்மாவால் பார்க்க முடியாது. "காஞ்சு கெடக்குது பாரு, அப்புறம் ஏன் கொட்டாது" என்று விடியற்காலையிலேயே தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நிற்பார். எண்ணெய் முடித்தண்டுக்கு நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் இருக்கும் தோலில் கெட்டிப் பொடி பிடிக்காது, பிடித்ததும் வியர்வையில் எண்ணெயோடு சறுக்கிவிடும், நார்த்தூளோ எண்ணெயில் கட்டிப்படும். பயிற்சி இல்லாத புதன், ஞாயிறு இரண்டு நாளும் அம்மாவின் கைக்கு என் தலை என்று உடன்பட்டோம். அந்த இரண்டு நாளும் அவர் மடியருகே உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொள்வது எனக்குமே மிகவும் பிடித்திருக்கிறது.

வியர்வையும் பொடியும் சேர்ந்து காய்ந்த தலையை அன்றே கழுவிவிட வேண்டும். பூச்சினால் முடி கொட்டாது, வியர்வையாலும் கொட்டாது. ஆனால் இரண்டையும் ஊறவிட்டால் அரிப்பும் பொடுகும் வரும், அரிக்கிறதென்று நகத்தால் சொறிந்தால் முடி ஒடியும். எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, ஷாம்பு நுரைப்பதே இல்லை. நுரைக்கவில்லையென்று மேலும் மேலும் ஷாம்பு ஊற்றுவதால் பொடி போவதில்லை, தலைதான் வறண்டு போகிறது. குடிநீர் லாரித் தண்ணீரிலோ குழாய்த் தண்ணீரிலோ இரண்டு சொம்பு தனியாக எடுத்து வைத்துக் கடைசியாக அலசினால் பொடி முழுவதும் போய்விடுகிறது. மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்க 2010ஆம் ஆண்டில் ஒரு நிலையம் திறக்கப்பட்ட பகுதியில் வாழ்ந்துகொண்டு, தலை அலச இரண்டு சொம்பு நல்ல தண்ணீரைக் கணக்குப் பார்த்து எடுத்து வைக்க வேண்டியிருப்பது என்னைச் சங்கடப்படுத்தத்தான் செய்கிறது.

பூச்சு என்பது மறைப்பு மட்டுமே, மருந்து அல்ல. மருத்துவரின் யோசனைப்படி நான் மினாக்சிடில் தடவுகிறேன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்து, முடி வளரச் செய்வது தெரியவந்தபின் தலையில் தடவும் மருந்தாக அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது அது. தொடங்கிய முதல் சில வாரங்கள் உதிர்வு கூடலாம், கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் பயன்படுத்தக் கூடாது, ஆகவே மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கித் தடவ வேண்டாம். தலைப்புக்குத் தேவையான செய்தி ஒன்றுதான். மருந்து தோலில் இறங்க நான்கு மணி நேரம் வேண்டும், அதற்குள் வியர்த்தால் மருந்து வழிந்து வீணாகும், அதற்குள் பொடி பூசினால் இரண்டும் கலந்து பசையாகும். ஆகவே மருந்து இரவில், பொடி காலையில்.

இவ்வளவு முறைகளும் கைவந்த பிறகும், எதிராளியோடு மோதும் சனிக்கிழமைகளில் நான் தலையில் எதையும் பூசிக்கொள்வதில்லை. பொடி கலந்த வியர்வை என் கண்ணில் விழுந்தால் எனக்கு எரியும், என் நெற்றியைத் தொட்ட கையுறை எதிரே நிற்பவளின் கண்ணில் பட்டால் அவளுக்கு எரியும். அந்த எரிச்சலில் ஒரு நொடி கண் மூடினால் அடி விழும். முதல் சனிக்கிழமை வெறும் வகிட்டோடு தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தபோது, யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு கணம் தேடினேன். மாஸ்டர் என் இடக்கையைப் பிடித்து, "இங்க பாரும்மா, அடிச்சிட்டு கைய கீழ வுடுற, தாடையாண்ட எடுத்துட்டு வா" என்று சொல்லித் தாடைக்கருகே வைத்துக் காட்டினார். மை வழிவதாகச் சொன்ன அதே மாணவிதான் அன்று எனக்கு எதிரே நின்றாள். இரண்டாவது சுற்றில் நான் மறுபடியும் கையைக் கீழே விட்டேன், அவள் சரியாக அங்கே அடித்தாள்.